வழக்கமாக வசிப்பவர்கள்

அஞ்செட்டியோடு பஸ் நின்றுவிடும்.
அதற்குமேல் ஜீப்.
ஜீப்புக்கும் மேலே கால்.
எனக்குக் கொடுத்த வரைபடத்தில்
கரடிபண்டை என் கட்டைவிரலுக்குள் அடங்கும் பச்சை.
விரலை எடுத்துவிட்டு
மூன்று மணி நேரம் ஏறினேன்.

தலையாரி ஈரபத்திரன் முன்னால் போகிறார்.
பாதையில் கிடந்த சாணத்தைப்
புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார்.
"நேத்து ராத்திரியது, வாங்க டீச்சர்."
யானைகளைக் கணக்கெடுப்பது வேறு துறை.

முப்பத்தொன்பது வீடுகள்.
சிவப்புச் சாக்பீஸ்
கல்சுவரில் பிடிக்கிறது, மண்சுவரில் உதிர்கிறது.
பதினேழாம் வீட்டுக்கு மூங்கில் தட்டிதான்,
எண்ணை வாசல் பாறையில் எழுதினேன்.
அதன்மேல் ஒரு கோழி வந்து நின்றுகொண்டது.

கூரை? புல்.
தரை? மண்.
குடிநீர் வளாகத்துக்குள்ளா, அருகிலா, தொலைவிலா?
கெம்பம்மா இடுப்புக் குடத்தை இறக்காமலே
கீழே கைகாட்டினாள்.
எட்டிப் பார்த்தேன்,
மரங்களின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.
தொலைவு. ஒரு டிக்.

தாய்மொழி?
அடுப்படியில் கன்னடம், சந்தையில் தெலுங்கு,
ரேஷன் கடையில் தமிழ்.
தாய்க்கு ஒன்றுதான் எழுதலாம் என்றேன்.
எந்தத் தாய்க்கு என்று சிரித்தாள்.
அவளைப் பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தியாம்.

இருபத்திரண்டில் மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
ஆறு மாதத்துக்கு மேலா, குறைவா?
"மழைக்கு முந்தி போனான்."
எந்த மழை?
அவர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது.
கடைசியில் தகப்பன் உள்ளே போய்
ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து
என் அட்டைமேல் வைத்தான்.
"இது இங்கதானே இருக்கு? எழுதுங்க."

முப்பத்தொன்று, சிக்கீரன் வீடு.
மாவட்டத்தைப் பிரித்த வருஷம்
கோடு போட்டவர் மேலே ஏறி வரவில்லை.
அடுப்பு கிருஷ்ணகிரியில்,
ஆட்டுப்பட்டி தர்மபுரியில்.
குட்டிகள் நாளெல்லாம் மாவட்டம் தாண்டுகின்றன.
பட்டாவுக்குப் பென்னாகரம்,
கார்டுக்குத் தேன்கனிக்கோட்டை,
பிறகு அதையும் பிரித்து அஞ்செட்டி.
பிளாஸ்டிக் பையில் ஒப்புகைச் சீட்டுகள்,
ஓரமெல்லாம் கரையான்.

வீட்டில் எத்தனை பேர்?
"ரெண்டு."
உள்ளே யாரும் இல்லை.
மாதி எங்கே என்று ஈரபத்திரன் கேட்கவில்லை.
தரையைப் பார்த்தார்.

கயிற்றுக் கட்டிலில் தூக்கிப் போகையில்
பாதி வழியில் போய்விட்டாள்.
எல்லைக் கல்லருகே இறக்கி வைத்தார்களாம்.
தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம்.
சான்றிதழ் கேட்டால்
அங்கே போ என்றார்கள் இங்கே,
இங்கே போ என்றார்கள் அங்கே.
நாலு வருஷம்.
"அவ பேருக்கு இன்னும் அரிசி வருது டீச்சர்.
கவர்மெண்டே இருக்கான்னு சொல்லுது,
நான் மட்டும் எப்படி இல்லைன்னு சொல்லட்டும்?"

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பயிற்சி வகுப்பில்
ஊராட்சி மன்றத்து மின்விசிறிக்கடியில்
எல்லாச் சந்தேகத்துக்கும் பதில் இருந்தது.
பெட்டியில் 1 என்று எழுதினேன்.
அவர் எழுத்தறியாதவர் என்று
சற்றுமுன் நானே டிக் செய்திருந்தேன்.
ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தார்.
ஒற்றைக் கோடு அவருக்குத் தெரிந்திருந்தது.
ஒன்றும் சொல்லாமல்
பட்டியைத் திறந்துவிடப் போனார்,
அடுத்த மாவட்டத்துக்கு.

மொத்தம் நூற்று எண்பத்திரண்டு.
இறங்கும்போது மனதுக்குள் கூட்டினேன்,
ஒவ்வொரு வளைவிலும் நூற்று எண்பத்துமூன்று வந்தது.

பத்து நாள் கழித்து ஈரபத்திரன் போன் செய்தார்.
சிக்னல் கிடைக்கும் அந்த ஒரே பாறையில்
ஏறி நின்றிருப்பார், காற்று இரைந்தது.
"நல்ல மழை டீச்சர்.
பதினேழுல நீங்க எழுதின நம்பர் போயிடுச்சு.
வீடு இருக்கு.
மறுபடி எழுதணுமா?"
கேட்கவில்லை என்று நினைத்து
மறுபடியும் சொன்னார்,
"வீடு இருக்கு. வீடு இரு..."